நெஞ்சளவு தண்ணி

உக்காருங்க தம்பி, அந்தக் கயித்துக் கட்டில்லயே உக்காருங்க. வைரவன் இப்ப வந்துருவான். தவுடு வாங்கப் போறேன்னு போனான், வழியில ரெண்டு பேரைப் பாத்தா அங்கிட்டே நின்னுருவான். நான் இந்தக் கல்லுல உக்காந்துக்கிறேன். கட்டில் எனக்கு ஒத்து வராது, பள்ளமாக் கெடக்கு, எந்திரிக்கிறப்ப கை குடுக்க ஒரு ஆள் வேணும். முட்டியெல்லாம் ஒண்ணுமில்ல. கட்டில்தான் சரியில்ல.

பாருங்க, நான் உக்காந்ததும் இந்தச் செவலை மாடும் படுத்துருச்சு. அது அப்படித்தான். நீங்க வந்ததும் வராததுமா அதோட நாலு காலையும் தடவிப் பாத்தீங்கள்ல, அப்பவே எனக்கு மனசு கேக்கல. அறந்தாங்கியிலிருந்து பஸ் மாறிப் பஸ் மாறி வந்திருக்கீங்க. பந்தயத்துக்குன்னு மாடு தேடி வந்தவருகிட்ட உள்ளதை மறைச்சு வித்தா அது நல்லாயிருக்குமா. வைரவன் என் மச்சினன், என் பொண்டாட்டிக்குக் கூடப்பெறந்த தம்பி. மாடு அவனோடது, வண்டி அவனோடது. ஆனா மாட்டுக்கூட ஓடுனது நான். இன்னைக்குக் காலையில வெளிய போறப்ப அவன் என்கிட்ட, மச்சான், வர்றவருகிட்ட அந்தக் கால் கதையெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போறான். எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. நல்ல பையன் தம்பி அவன். ஒரு மாட்டு யாவாரத்துல இப்படி ஆயிட்டானேன்னுதான் வருத்தம்.

அதனால நான் சொல்லிப்புடுறேன். முன்னங்கால், இடது பக்கம். போன தை மாசம் அதுல நோவு வந்துச்சு. நீங்க தடவுனப்ப ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. வீக்கம் இல்ல, சூடு இல்ல. நொண்டவும் நொண்டாது. அதுதான் அதோட குணம். உயிர் போனாலும் வலியை வெளிய காட்டாது. சிலதுக்கு அப்படி ஒரு வீம்பு. கூட இருக்குறவங்கதான் பாத்துப் புரிஞ்சுக்கணும்.

நான் மொதல்லயிருந்து சொல்றேன், அப்பத்தான் வெளங்கும். உங்களுக்கும் நேரம் போகணும்ல.

நீங்க பந்தயக்காரரு, தெரியாததில்ல. வண்டியில உக்காந்து கயித்தைப் புடிக்கிறவன் சாரதி. நோட்டீஸ்ல அவன் பேரு பெருசா வரும். மாட்டுக்குப் பக்கத்துல குதிச்சுக் குதிச்சு ஓடுறவன் துணைச்சாரதி. அவன் பேரு கீழ சின்னதா வரும், சில ஊர்ல அதுவும் வராது. நான் துணைச்சாரதி. வைரவன் மீசை மொளைக்காதப்பவே அவங்க அப்பாரு வண்டிக்கு ஓடுனவன். பொண்ணு குடுத்ததே நான் ஓடுன ஓட்டத்தைப் பாத்துத்தான்னு ஊர்ல சொல்லுவாங்க. என் பொண்டாட்டி ராக்கு அதை ஒத்துக்க மாட்டா. எங்கப்பன் மாட்டைப் பாத்த நேரத்துக்கு மாப்பிள்ளையைப் பாக்கலம்பா.

தார் ரோட்டுல ஓடுறது என்னன்னு வண்டியில உக்காந்திருக்குறவனுக்குத் தெரியாது. நீங்க ரோட்டை ஒரு மிதி மிதிச்சீங்கன்னா ரோடு உங்களை ஒரு மிதி மிதிக்கும். அப்பவே, அந்த இடத்துலயே. குதிங்கால்ல ஆரம்பிச்சு முட்டி, இடுப்பு, கடைவாய்ப் பல்லு வரைக்கும் வந்து சேரும். வயசுல அது தெரியாது. ஓட்டம் முடிஞ்சு ஒரு சொம்பு தண்ணி குடிச்சா போயிரும். அப்பறம் ஒரு நாள் போகாது. அப்பறம் காலையில எந்திரிச்சதுமே வந்து உக்காந்திருக்கும்.

ஆனா ரோட்டுல ஒரு சொகம் உண்டு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். வேகம் புடிக்கிற வரைக்குந்தான் பாடு. புடிச்சுட்டா அந்த வேகமே உங்களைத் தள்ளிக்கிட்டுப் போகும். ஒரு கை நுகத்தடியில, ஒரு கை காத்துல. செவலை மூச்சு விடுறது என் மூச்சு மாதிரி காதுல கேக்கும். ரெண்டு பக்கமும் சனம் கத்துறது எதுவும் கேக்காது. அந்த நேரம் நான் யாருக்கும் மச்சான் இல்ல, மாமன் இல்ல, வயசு இல்ல. அதுக்குத்தான் இத்தனை வருசம் ஓடுனது. வேற என்னத்துக்கு, பரிசுன்னு குடுக்குற அந்தக் குடத்துக்கும் துண்டுக்குமா.

போன கார்த்திகையில, எனக்கு இந்த முட்டியில கொஞ்சம் புடிப்பு மாதிரி இருந்துச்சு. கொஞ்சந்தான். மாடிப்படி எறங்குறப்ப மட்டும். நம்ம வீட்டுல மாடி எங்க இருக்கு, அதனால எனக்குத் தொந்தரவே இல்ல. ராக்குதான் பொறுக்க மாட்டாம, ராத்திரியில அனத்துறீங்க, பொரண்டு படுக்க முடியலன்னு சொல்லிச் சொல்லி, தம்பிக்காரனையும் சேத்துக்கிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டா.

அங்க ஒரு டாக்டரம்மா, சின்னப் புள்ளை. படம் எடுத்துப் பாத்துட்டு, முட்டியில ஜவ்வு தேஞ்சுபோச்சு, இனி ரோட்டுல ஓடவே கூடாதுன்னுருச்சு. ஓடாம எப்படிம்மா இருக்குறதுன்னேன். ஓடியே ஆகணும்னா தண்ணியில ஓடுங்கன்னுச்சு. நெஞ்சளவு தண்ணியில எறங்கி மொதல்ல நடங்க, அப்பறம் பைய ஓடுங்க, தண்ணியில நம்ம கனம் பாதிக்கு மேல கொறைஞ்சுரும், முட்டியில பாரம் விழாது, சதை மட்டும் பலப்படும், ஒரு மண்டலம் செஞ்சுட்டு வாங்கன்னுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தண்ணிக்குள்ள கெடக்க நான் என்ன எருமையான்னு கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கல. ராக்குவும் சிரிக்கல. வர்ற வழியெல்லாம் பஸ்ஸுல அக்காவும் தம்பியும் பின் சீட்டுல உக்காந்து குசுகுசுன்னு பேசிக்கிட்டே வந்தாங்க. நான் முன்னால நின்னுக்கிட்டே வந்தேன். உக்காந்தா எந்திரிக்கணும்ல.

சரி, என் கதை எதுக்கு. மாட்டைப் பத்திச் சொல்ல வந்தேன்.

பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். நான் வயல்லயிருந்து வர்றேன், இதே இடத்துல வைரவன் தலையில கை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். என்ன மாப்ளன்னேன். மச்சான், செவலைக்குக் கால் போச்சு, மாட்டு டாக்டரு வந்து பாத்துட்டுப் போறாரு, முன்னங்கால் முட்டியில ஜவ்வு தேஞ்சுபோச்சாம், ரோட்டுல ஓட்டவே கூடாதாம்னான். பங்குனியில கோயில் பந்தயம், ஓட்டம் முடியுற எல்கை எங்க ஊருதான். அதுக்கு என்ன மாப்ள வழின்னேன். ஒரே வழிதான் மச்சான், கண்மாயில எறக்கி ஒரு மண்டலம் தண்ணிக்குள்ள ஓட்டணுமாம், நீஞ்ச விடக்கூடாதாம், தரையில கால் ஊனித்தான் ஓடணுமாம். கூடவே ஆளும் எறங்கி ஓடணுமாம், இல்லேன்னா மாடு ஓடாதாம். ஆளுக்கு நெஞ்சளவு தண்ணி இருக்கணுமாம்னான்.

நான் கேட்டேன், ஏம்ப்பா, மாட்டுக்கு எவ்வளவு தண்ணின்னு சொல்லாம ஆளுக்கு எவ்வளவுன்னு சொன்னாராக்கும்னு. அவரு அப்படித்தான் சொன்னாரு மச்சான்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனக்கு ஆச்சரியமாத்தான் இருந்துச்சு. மனுச டாக்டரும் மாட்டு டாக்டரும் ஒரு வார்த்தை மாறாமச் சொல்றாங்களேன்னு. ஒரே காலேஜுல படிச்சிருப்பாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

எனக்குன்னா எறங்கியிருக்க மாட்டேன் தம்பி. சத்தியமா மாட்டேன். அதுக்குன்னதும் மறுபேச்சுப் பேசல.

மொத நாள் சிரிச்சுக்கிட்டுத்தான் எறங்குனேன். ரோட்டுல எட்டு மைல் போக வர ஓடுனவனுக்கு இது என்ன பிரமாதம்னு. செவலை கயித்தைப் புடிச்சுக்கிட்டு நெஞ்சளவுக்குப் போனேன். அதுக்கு முதுகும் தலையும் மட்டும் வெளிய தெரியுது. வா ராசா ஓடுவோம்னு காலை எடுத்தேன். எடுத்த காலை முன்னால வைக்கிறதுக்குள்ள ஒரு சோலி முடிஞ்ச மாதிரி இருக்கு. மறு காலை எடுத்தா மறுபடியும் அதே பாடு. கரையில உக்காந்திருந்த ராக்கு, ஓடுங்க, ஓடுங்கங்குறா. ஓடிக்கிட்டுத்தாண்டி இருக்கேன்னேன். பாத்தா எறங்குன இடத்துலயிருந்து வண்டி நீளம் கூட வரல.

தண்ணி அடிக்காது தம்பி. அதை ஒத்துக்கணும். முட்டியில ஒரு சத்தம் இல்ல, குதிங்கால்ல ஒரு குத்து இல்ல. ஆனா விடாது. ரோட்டுல போன அடியோட வேகம் அடுத்த அடிக்கு ஒத்தாசைக்கு வரும். தண்ணியில ஒவ்வொரு அடியும் மொத அடிதான். ரோட்டுல கால் மட்டும் ஓடும். தண்ணியில வயிறு ஓடணும், தோள் ஓடணும், கை ரெண்டும் வழி வெட்டிக்கிட்டே போகணும். நெஞ்சைச் சுத்தி யாரோ கட்டிப் புடிச்ச மாதிரி மூச்சு உள்ள போக மாட்டேங்கும். வேர்க்குறதே தெரியாது. கரையில வந்து உக்காந்தப்பதான் நாக்கு ஒட்டிக்கிட்டுக் கெடக்குறது தெரியும். சுத்தித் தண்ணியில நின்னுக்கிட்டுத் தாகத்துல வந்தவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

கரை ஏறுறதுதான் பெரிய கூத்து. தண்ணிக்குள்ள எங்கிட்டோ தொலைஞ்சு போன உடம்புக் கனமெல்லாம் ஓரத்துல வந்து காத்துக்கிட்டு நிக்கும். இடுப்பளவு வந்ததும் பாதி ஏறிக்கும், முழங்கால் அளவு வந்ததும் மிச்சமும் ஏறிக்கும். அம்புட்டுக் கனத்தையா நான் தெனமும் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்னு இருக்கும். சில நாள் அங்கயே, அந்தத் தண்ணியிலயே நின்னுக்கிட்டு இருந்துரலாமான்னு கூடத் தோணும். அசதிதான், வேற ஒண்ணுமில்ல.

செவலை மொதல்ல மெரண்டுச்சு. என்னை இழுத்துக்கிட்டு ஆழத்துக்குப் போய் நீஞ்சப் பாத்துச்சு. ரெண்டு மூணு நாள்ல படிஞ்சுருச்சு. ரோட்டுல அது ஓடும், நான் அதுக்கு ஈடு குடுத்து ஓடுவேன். தண்ணியில அப்படி இல்ல. நான் காலை எடுத்தா அது காலை எடுக்கும். நான் மூச்சு வாங்க நின்னா அதுவும் நிக்கும். திரும்பி என்னைப் பாக்கும், இன்னும் என்னங்குற மாதிரி. நான் ஒரு எட்டு வச்சாத்தான் அதுவும் வைக்கும். அம்புட்டுப் பெரிய மாடு தம்பி, ரோட்டுல மூணு பேரை இழுத்துத் தள்ளிருக்கு, தண்ணியில என் மூச்சைக் கேட்டுக் கேட்டு நின்னுச்சு. கால் வலியில இருந்த மாடு, பாவம், அது எப்ப நிப்போம்னுதான் இருந்திருக்கும்.

ராக்கு ஒரு நாள் தவறாம வந்துருவா. சோத்துத் தூக்கோட கரையில உக்காந்திருப்பா. வீட்டுல போட்டது போட்டபடி கெடக்கும். மாட்டு மேல இம்புட்டுப் பிரியமா உனக்குன்னு கேப்பேன், தூக்கைத் தொறந்து சோத்தைப் போடுவா. நாங்க கரை ஏறுறப்ப எந்திரிச்சு நின்னு பாப்பா. மாட்டைப் பாக்க மாட்டா, என்னையத்தான் பாப்பா. எந்தக் காலை மொதல்ல ஊனுறேன்னு பாப்பா. மாட்டுக் காலைப் பாருடின்னா, பாத்துக்கிட்டுத்தான் இருக்கேம்பா.

சாயங்காலம் தைலம். செவலைக்குன்னு வைரவன் ஒரு பாட்டில் வாங்கிக்கிட்டு வந்தான். ராக்கு அதுல ரெண்டு சொட்டு எடுத்து மாட்டுக் கால்ல பேருக்குத் தடவுவா. கையில மிச்சம் இருக்கு, வீணாப் போக வேண்டாம், காலை நீட்டுங்கம்பா. அந்த மிச்சத்துல என் முட்டி ரெண்டும் முங்கிப் போகும். மாட்டுத் தைலம் மனுசனுக்கு ஆகுமாடின்னு கேட்டேன். எல்லாம் ஒரே எலும்புதான், பேசாம இருங்கன்னா. ஒரு பாட்டில் தீந்து இன்னொரு பாட்டில் வந்துச்சு. தேய்க்கத் தெரியாமத் தேய்ச்சா தீராம என்ன செய்யும்.

மாசி கடைசியில செவலை கால் பூரா குணமாயிருச்சு. எப்படிச் சொல்றேன்னா, ரோட்டுல நடத்திப் பாத்தேன், ஒரு நொண்டல் இல்ல. முன்னாடியும் நொண்டலதான், ஆனா இது வேற மாதிரி நொண்டாம இருந்துச்சு. அதுல ஒரு அதிசயம், எனக்கு இருந்த புடிப்பும் அந்த மாசம் பூரா என்னைத் தொந்தரவு பண்ணல. ராத்திரி நல்லாத் தூங்குனேன். ஒரு சீவனுக்கு நல்லது செஞ்சா நம்ம வலி நமக்குத் தெரியாது, பெரியவங்க சொன்னது சும்மா இல்ல.

அப்பத்தான் வீட்டுல பிரச்சினை வந்துச்சு. வைரவன் பைய வந்து, மச்சான், பந்தயத்துக்கு நம்ம மேலத்தெருப் பையன் சின்னக்காளையை ஓடச் சொல்லியிருக்கேன், நீங்க எல்கையில நின்னு கொடியை வாங்குங்கங்குறான். எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். ஏண்டா, தண்ணியில கெடந்து மாட்டைத் தேத்துனவன் நான், ரோட்டுல ஓட இன்னொருத்தனா. என் முட்டிக்கு என்னடா, நல்லாத்தான இருக்குன்னு அவன் முன்னாலயே உக்காந்து உக்காந்து எந்திரிச்சுக் காட்டுனேன். அவன் அக்காளைப் பாத்தான். அவ அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டா. அழுதாளாம், அப்பறம் சொன்னான். பந்தயத்துக்கு முந்தி வீட்டுல பொம்பளை அழுகலாமா. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

பந்தயத்தன்னைக்கு ஓட்டம் நல்ல ஓட்டம் தம்பி. பன்னண்டு வண்டி. திருப்பத்துல நாங்க ரெண்டாவது. முன்னால போன வண்டியோட சக்கரத் தூசி என் வாய்க்குள்ள வருது, அம்புட்டு ஒட்டிப் போறோம். திருப்பத்துல நான் வண்டியிலயிருந்து குதிச்சேன், நுகத்தடியில கையைக் குடுத்து ஓடுறேன். அந்த வேகம் புடிச்சுருச்சு. தண்ணியில அம்புட்டு நாள் பட்ட பாட்டுக்கு ரோடு எனக்கு ரோடாவே தெரியல. காத்துல ஓடுற மாதிரி இருக்கு. செவலையும் நானும் ஒரே மூச்சு. பாலத்து ஏத்தத்துல முன் வண்டியைத் தாண்டிட்டோம். வைரவன் வண்டி மேல நின்னுக்கிட்டு, விட்டுறாதீங்க மச்சான்னு கத்துறான்.

பாலத்தைத் தாண்டுன எறக்கத்துல, என்ன ஆச்சுன்னா, ஒரு கல்லு. கல்லுதான். கால்ல தட்டுச்சு, நான் சும்மா ஓரமா உக்காந்தேன். விழுந்துட்டேன்னு ஊர்ல சொல்றாங்க, விழுகல. உக்காந்தேன். என்னை விட்டுட்டு வண்டி போயிரும், போகணும், அதான் வழக்கம். துணைச்சாரதி விட்டா விட்டதுதான், மாடு நிக்காது. எத்தனை பந்தயத்துல நான் விழுந்திருக்கேன், தேர் போற மாதிரி போயிக்கிட்டே இருக்கும். உங்க ஊர்லயும் அப்படித்தான.

செவலை நின்னுருச்சு.

வண்டி போன வேகத்துக்கு எப்படி நின்னுச்சுன்னு இன்னைக்கும் தெரியல. நாலு காலையும் ஊனி நின்னுச்சு. ஜோடி மாடு மயிலை இழுக்குது, வண்டி குறுக்க திரும்பிருச்சு, வைரவன் விழப் பாத்தான். பின்னால வந்த வண்டியெல்லாம் ஒதுங்கிப் போகுது, ஒண்ணு, ரெண்டு, நாலு. சனம் கத்துது, அடி அடிங்குது. வைரவன் கம்பை ஓங்குனான். செவலை அசையல. கழுத்தை மட்டும் திருப்பி என்னைப் பாத்துச்சு. அந்தக் கண்ணு இருக்கே தம்பி. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. அதுக்குக் கால் வலி வந்துருச்சு. அந்தப் பழைய நோவு. என்னால முடியலன்னு என்கிட்டச் சொல்லுது.

எனக்கு அழுகை வந்துருச்சு. எனக்காக இல்ல, அதுக்காக. மாப்ள, அடிக்காதடா, அதுக்குக் கால் நோவுதுன்னு ரோட்டுல உக்காந்தபடியே கத்துனேன். வைரவன் ஓங்குன கம்பைக் கீழ போட்டுட்டு எறங்கி வந்தான். மாட்டைப் பாக்கல. நேரா என்கிட்ட வந்தான். என்னைத் தூக்கி வண்டியில படுக்க வச்சுட்டு, வண்டியைப் பைய ஊருக்குள்ள ஓட்டுனான். கொடி கட்டியிருந்த இடத்துக்கு நாங்க வந்தப்ப பந்தல்காரன் மைக்கைக் கழட்டிக்கிட்டு இருந்தான்.

அன்னைக்குச் சாயங்காலம், நான் தூங்குறேன்னு நெனச்சுக்கிட்டு அக்காவும் தம்பியும் கொல்லையில பேசுனதை நான் கேட்டேன். என் காதுல விழுந்ததை அப்படியே சொல்றேன். ராக்கு சொல்றா:

"அந்த மாட்டை வித்துருடா. அது இருக்குற வரைக்கும் இந்த மனுசன் ஓடிக்கிட்டுத்தான் இருப்பாரு."

வைரவன், அது என்னக்கா பண்ணுச்சு, நம்ம பண்ணுனதுதானன்னான். அவ மூக்கைச் சிந்துற சத்தம் கேட்டுச்சு.

நோவு வந்த மாட்டை விக்குறதா தம்பி. அதுவும் நம்மளை நம்பித் தண்ணிக்குள்ள வந்த மாட்டை. ஒரு மண்டலம் கரையில உக்காந்து பாத்தவ, அவளுக்கு அது மேல என்ன கோபம்னு எனக்கு வெளங்கல. கேட்டாச் சொல்ல மாட்டேங்குறா. என்கிட்ட அவ நல்லாப் பேசியே நாளாச்சு. பேசுறதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். பொழுது எறங்குனா, மாட்டைக் கண்மாய்க்குக் கொண்டு போங்கம்பா. விக்கப் போற மாட்டுக்கு எதுக்குடி வைத்தியம்னா, போற வரைக்கும் பாக்கணும்ல, போய் எறங்குங்கம்பா. கண்மாயும் வத்திருச்சு. மடைப் பள்ளத்துல மட்டுந்தான் இடுப்பளவு கெடக்கு. அதுல நானும் அதுவும் தெனம் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போயிட்டு வர்றோம். ரெண்டு பேருமே கெழடாயிட்டோம். ஓட்டம்னு பேரு.

அதனால சொல்றேன். வாங்குறதா இருந்தா தெரிஞ்சு வாங்குங்க. ரோட்டுல அடிக்காதீங்க, தண்ணியில ஓட்டுங்க. உங்க ஊர்ல கண்மாய் இருக்குல்ல. கூட எறங்க ஒரு ஆள் வேணும், நெஞ்சளவுக்கு. சம்பளத்துக்கு எறங்குறவன் எறங்கி நிப்பான், ஓட மாட்டான். அந்த ஒரு கவலைதான். வேணும்னா வாரத்துக்கு ஒரு நடை நானே பஸ் ஏறி வர்றேன்.

என்ன, மறுபடியும் பாக்கப் போறீங்களா. பாருங்க, தாராளமாப் பாருங்க. படுத்திருந்தா ஒண்ணும் பண்ணாது. இடது முன்னங்கால். மடக்கிப் பாருங்க. முட்டியை அமுக்குங்க, நல்லா அமுக்குங்க. ஒண்ணும் பண்ணலயா.

என்ன சொல்றீங்க.

இல்ல தம்பி. உங்களுக்குத் தெரியாது. குணமானதுனால உங்களுக்கு அப்படித் தெரியுது, நான் தண்ணியில வச்சு அப்படித் தேத்தியிருக்கேன். அடிபட்டு ஆறுனா உள்ள ஒரு முடிச்சு இருக்குமா. சரி, இருக்கட்டும். இதுல அது இல்லங்குறீங்களா. தாத்தா காலத்துலயிருந்து மாட்டு யாவாரம் உங்களுக்கு, உங்க கை பொய் சொல்லாது, ஒத்துக்கிறேன். அப்ப இந்தக் கால்ல என்னைக்குமே ஒண்ணும் இருந்ததில்லங்குறீங்க.

அப்ப மாட்டு டாக்டரு சொன்னது. எந்த டாக்டரா. எனக்கென்ன தெரியும், நான் அன்னைக்கு வயல்ல இருந்தேன், வைரவன்தான் பாத்தான். அவன் எதுக்கு என்கிட்டப் பொய் சொல்லணும். ராக்கு எதுக்கு ஒரு மண்டலம் வெயில்ல கெடக்கணும், சும்மா இருக்குற மாட்டுக்கு.

சரி, நீங்க சொல்றதே இருக்கட்டும். கால்ல ஒண்ணும் இல்லேன்னே வச்சுக்குவோம். அப்ப அது எதுக்கு நடு ரோட்டுல நின்னுச்சு. முன் வண்டியைத் தாண்டியாச்சு. எதுக்க ஒரு வண்டி இல்ல. கொடி கண்ணுக்குத் தெரியுது. எதுக்கு நின்னுச்சு, சொல்லுங்க.

மாட்டைப் பாருங்க தம்பி. என் காலை எதுக்குப் பாக்குறீங்க. எல்லாரும் ஏன் என் காலையே பாக்குறீங்க.

உள்ளயிருந்து கூப்புடுறா, கேட்டுச்சா. பொழுது எறங்கிருச்சு, தண்ணிக்கு நேரமாச்சு. அந்தக் கயித்தை எடுங்க. ஒரு கை குடுங்க, கல்லும் பள்ளமாத்தான் இருக்கு. பைய. ம்.

பாத்தீங்களா, நான் எந்திரிச்சதும் அதுவும் எந்திரிச்சுருச்சு.